மலையகத்துப் புற்றுநோய் ஆய்வுக்குச் சிறு நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் எல்லா மக்களுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. எந்த உறுப்பில் வருகிறது, எந்த வயதில் வருகிறது, எவ்வளவு முற்றிய பிறகு கண்டுபிடிக்கிறார்கள், அதற்கப்புறம் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எல்லாமே இடத்துக்கு இடம், சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்கிற சின்னச் சின்ன முன்னோடி ஆய்வுகளுக்கு நிதி தேடுவது பற்றி எங்கே பேசப் போனாலும் என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியா பக்கத்தில் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். பல வருஷமாக ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்த் தரவு சேகரிக்கிற வேலை. கேட்டவர்களில் மாணவர்கள், தோட்டத் தலைவர்மார், வெளிநாட்டிலிருந்து உதவ நினைக்கிற உறவுக்காரர்கள், கொழுந்து பறிக்கிற அம்மாமார் என்று எல்லாரும் உண்டு.

முன்னோடி ஆய்வு என்றால் என்ன? நேராகப் பெரிய ஆய்வையே செய்தால் என்ன?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். பானை முதலில் அடுப்பில் நிற்குமா என்று பார்ப்பதுதான் முன்னோடி ஆய்வு. நூறு வீட்டுக்குப் போனால் எத்தனை வீட்டில் கதவைத் திறப்பார்கள், நாம் கேட்கிற கேள்வி அவர்களுக்கு விளங்குகிறதா, வாயைப் பரிசோதிக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள், மேற்பரிசோதனைக்கு அனுப்பினால் எத்தனை பேர் போவார்கள். இதெல்லாம் தெரியாமல் ஆயிரக்கணக்கான பேரை வைத்து ஐந்து வருஷ ஆய்வு தொடங்கினால் பாதி வழியில் நின்றுபோகும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இலங்கையில் ஆரம்ப சுகாதார ஊழியர்களையே வைத்து வாய்ப்புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு ஆய்வு நடந்தது. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. ஒரு வருஷத்துக்குள், தங்கள் வழக்கமான வேலையோடு வேலையாக, அந்த ஊழியர்கள் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்து முடித்திருக்கிறார்கள். அவர்கள் சந்தேகப்பட்டது பெரும்பாலும் சரியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் மேற்பரிசோதனைக்குப் போகச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் போனார்கள். மிச்சப் பேர் போகவில்லை. கண்டுபிடிப்பது பெரிய சிக்கல் இல்லை, கண்டுபிடித்ததற்கப்புறம் அந்த மனிதர் பஸ் ஏறிப் போய்ச் சேருவதுதான் சிக்கல் என்று நாற்பது வருஷத்துக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிட்டது. சின்ன ஆய்வு இப்படிப்பட்ட விஷயத்தைத்தான் சொல்லித் தரும்.

எல்லாருக்கும்தானே புற்றுநோய் வருகிறது. மலையகத்தை மட்டும் ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இலங்கையில் ஆண்களுக்கு வாய்ப்புற்றுநோயும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் முன்னால் நிற்கின்றன. அது சராசரி. 2012 கணக்கெடுப்பின்படி மலையகத் தமிழர், அதாவது அந்தப் பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டவர்கள், நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறைய 4 சதவீதம். நூறு பேரில் நான்கு பேருக்கு என்ன நடந்தாலும் சராசரி அசையாது. அதோடு நம் ஆட்களில் பலர் தங்களை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொள்கிறார்கள். அதற்கான காரணமும் நமக்குத் தெரியும், 1948இல் குடியுரிமை பறிபோன கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது என்று யோசிக்கத்தான் செய்வார்கள். அதனால் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நோய் என்ற கணக்கில், கீழே போட வேண்டிய எண்ணே ஆட்டம் காண்கிறது.

முகவரியும் ஒரு பிரச்சினை. கொழும்பில் கடையில் வேலை பார்க்கிற நம் பையனுக்கு நோய் வந்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனால் தங்கியிருக்கிற அறையின் முகவரியைக் கொடுப்பான். அவன் பிறந்து வளர்ந்தது லிந்துலையில் என்பதை யாரும் கேட்டு எழுதினால்தான் தெரியும். ஆய்வுப் படிவம் தயாரிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பிறந்த தோட்டம், வளர்ந்த தோட்டம், வேலை பார்த்த தோட்டம், எத்தனை வருஷம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒன்றுமே செய்யப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் வாய்ப்புற்றுநோயும் அதற்கு முந்திய மாற்றங்களும் எந்த அளவு இருக்கின்றன என்று ஆராய்ந்து 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். வேலை தொடங்கியிருக்கிறது, தொடர்ச்சிதான் போதாது.

வெற்றிலை போடுவதால்தான் வருகிறது என்று தெரிந்த பிறகு இன்னும் என்ன ஆய்வு?

இதை அதிகம் கேட்பது படித்தவர்கள். கேட்கிற தொனியில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருக்கும். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

தெரிந்தது என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று 1985இலேயே சொன்னது. புகையிலை சேர்க்காத கூட்டும், பாக்கும்கூட அப்படித்தான் என்று 2004இல் சொன்னது. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்' என்று சொல்லுகிற அக்காமாருக்கு இந்த இரண்டாவது செய்தி இன்னும் போய்ச் சேரவே இல்லை. பாக்கு வாயின் உட்தோலை இறுக்குகிறது. உறைப்புச் சாப்பிட்டால் எரியும், அப்புறம் வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாமல் போகும். அது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. இதோடு சாராயமும் பீடி சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும்.

சரி, தெரியாதது என்ன? விடிகாலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்குப் போகிற ஒரு அம்மா, பனியிலும் மழையிலும் மலையில் நின்று கொழுந்து பறித்து, ஒரு ரொட்டியோடும் சாயத்தண்ணியோடும் பகலை ஓட்டுகிறார். குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் இடுப்பில் இருக்கிற அந்த வெற்றிலைச் சுருக்குப்பைதான் அவருக்குத் துணை. விட்டுவிடுங்கள் என்று சொன்னால் விட்டுவிடுவாரா? அந்த இடத்தில் வேறு எதைக் கொடுக்கலாம்? பகல் சாப்பாடு சரியாகக் கிடைத்தால் வெற்றிலை குறையுமா? கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே வாயைப் பார்த்தால் சம்மதிப்பார்களா, இல்லை கங்காணி பார்க்கிறார் என்று வெட்கப்படுவார்களா? பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்), பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற நேரத்தில் பார்த்தால் நல்லதா? இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது, போய்த்தான் பார்க்க வேண்டும்.

வாயைப் பார்ப்பதால் உயிர் காப்பாற்றப்படுகிறது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமானவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதே முறை நம் மலைச்சரிவில், நம் சம்பள முறையில், நம் பஸ் வசதியில் வேலை செய்யுமா? அதுதான் முன்னோடி ஆய்வுக்கான கேள்வி.

தேயிலைக்கு மருந்து அடிப்பதால்தான் வருகிறது என்று எங்கள் தோட்டத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையா?

சிலது உண்மையாக இருக்கலாம், ஆனால் வெற்றிலைக்கு இருக்கிற அளவு உறுதியான ஆதாரம் இதற்கு இல்லை. கிளைபோசேட் என்கிற களைகொல்லியை அதே சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்தது. இலங்கை அதே வருஷம் அதைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. லயத்துக் குசினியில் புகைபோக்கி இல்லாமல் எரிகிற விறகுப் புகையும் அதே வகையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. மருந்தைப் பற்றி மேலே போய்ச் சண்டை பிடிக்கிற நாம் குசினிப் புகையைப் பற்றி வாயே திறப்பதில்லை, அதை நாளெல்லாம் குடிப்பது நம் வீட்டுப் பெண்கள்.

சந்தேகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். மருந்து அடித்தவர் யார், எத்தனை வருஷம், கையுறை இருந்ததா, எந்த மருந்து என்று இப்போதே எழுதி வைக்கிற ஒரு சின்ன ஆய்வு வந்தால், இருபது வருஷம் கழித்து ஊகமாகப் பேச வேண்டியதில்லை.

நம் மரபணுவில் ஏதாவது இருக்குமா?

இருக்கலாம். 2016இல் கணக்குப் பார்த்தபோது உலகில் நடந்த மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். மார்பகப் புற்றுநோய் மரபணுவைச் சோதித்து, அதில் ஒரு மாற்றம் தென்பட்டால், அது ஆபத்தானதா சும்மா இருப்பதா என்று சொல்வதற்கு ஏற்கனவே நிறையப் பேரைப் பார்த்திருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களைப் பார்த்தது குறைவு. அதனால் 'அர்த்தம் தெரியாத மாற்றம்' என்ற பதில் நம் பெண்களுக்கு அதிகம் வரும். காசு கொடுத்துச் சோதித்து, பயத்தோடு வீடு திரும்புவது என்ன நியாயம்?

வேறுபாடு மருந்தையே மாற்றிய கதையும் உண்டு. நுரையீரல் புற்றுநோயில் ஈஜிஎஃப்ஆர் என்கிற மரபணுவில் வருகிற மாற்றம் கிழக்காசிய நோயாளிகளில் மிக அதிகம், ஐரோப்பியரில் அதைவிட நன்றாகவே குறைவு. அந்த மாற்றம் இருக்கிறவர்களுக்கு அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. பலதரப்பட்ட மக்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் இந்த வேறுபாடு வெளியே தெரிந்தது.

ஆனாலும் மலையகத்துக்கு முதல் ரூபாய் மரபணுவுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. பலருக்கு இதில் என்னோடு உடன்பாடில்லை. வாய்ப்புற்றுநோய்க்கு முன்னால் வரக்கூடிய, கன்னத்தின் உட்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் திட்டையே நாம் இன்னும் நேரத்துக்குப் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் நிறைய ஆய்வு இருக்கிறதே. அந்தத் தரவையே எடுத்துக்கொண்டால்?

முடியாது, ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது. ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம். ஜப்பானிலிருந்து ஹவாயிக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் குடியேறியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, அங்கேயே பிறந்த அடுத்த தலைமுறையில் அது குறைந்துகொண்டே போனது. ஆட்கள் அதே ஆட்கள். சாப்பாடும் வாழ்க்கையும் மாறின, நோயும் மாறியது.

இப்போது நம் கதையை யோசித்துப் பாருங்கள். திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கானவர்கள் திரும்பிப் போனார்கள், அதில் நிறையப் பேர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி என்று மறுபடியும் தேயிலையிலேயே வேலைக்கு அமர்ந்தார்கள். அண்ணன் ஹட்டனில், தம்பி கோத்தகிரியில். ஒரே குடும்பம், ஒரே வேலை, இரண்டு நாடு, இரண்டு சுகாதார முறை. ஊரிலேயே தங்கிவிட்ட பங்காளிகள் மூன்றாவது கிளை. இந்த மூன்று கிளையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முன்னோடி ஆய்வுக்குக் காசு கிடைத்தால், உடம்பால் வருவது எது, ஊரால் வருவது எது, கூலியால் வருவது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி திறக்கும். யாராவது இளம் ஆய்வாளர் இதை எடுத்துச் செய்யமாட்டாரா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பணம் எங்கே கிடைக்கும்? எவ்வளவு வேண்டும்?

இலங்கையில் தேசிய விஞ்ஞான மன்றம், பல்கலைக்கழகங்களின் சொந்த ஆய்வு நிதி, இலங்கை மருத்துவச் சங்கம் போன்ற தொழில்சார் அமைப்புகள் என்று தேடத் தொடங்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் பல் மருத்துவ பீடமும் இருப்பது நமக்குப் பெரிய வாய்ப்பு, அங்கே ஒருவரைச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பித்தால் கேள்விக்கு வலு வரும்.

வெளிநாட்டு அளவு எப்படி என்று தெரிய: அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆர்21 என்கிற தேடல் ஆய்வு நிதியின் வழக்கமான உச்சவரம்பு இரண்டு வருஷத்துக்கு நேரடிச் செலவாக 2,75,000 டொலர். முன்கூட்டிய தரவு கட்டாயம் இல்லை என்பது அதன் சிறப்பு. பெரிய நிதி கேட்டால் 'ஏற்கனவே என்ன கண்டுபிடித்தீர்கள்' என்று கேட்பார்கள். தரவு இல்லாததால் காசு இல்லை, காசு இல்லாததால் தரவு இல்லை என்ற இந்த முடிச்சில்தான் மலையகம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு பெரிய தொகை நமக்குத் தேவையே இல்லை. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்குள் சில தோட்டங்களை எடுத்து ஒழுங்காகச் செய்ய அதில் ஒரு சிறு பங்கே போதும்.

வரவுசெலவில் எதை எழுதினால் நிதி தருபவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்?

எதை எழுதாமல் விடக் கூடாது என்பதைச் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்குக் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு வந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனால் அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை, கொழுந்து அதிகமான மாசம் வேறு, அதனால் 'இந்த மாசம் போகட்டும்' என்று தள்ளினார். கடைசியில் போய்ப் பயொப்சி, அதாவது சோதிக்கச் சின்னச் சதைத் துணுக்கு, எடுத்தார்கள். முடிவுக் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து ஐந்து வாரம் அங்கேயே கிடந்தது, ஏனென்றால் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் கைக்கு வந்தபோது வாயைச் சரியாகத் திறக்கவே அவரால் முடியவில்லை. சிகிச்சை இலவசம்தான், அந்த விஷயத்தில் இந்த நாட்டுக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் அக்கரபத்தனையிலிருந்து கண்டிக்குப் போய் வருகிற பஸ் இலவசம் இல்லை, கூடப் போகிறவருக்கும் அன்றைக்குப் பேர் போகும், அதிகாலை பஸ்ஸைப் பிடிக்க த்ரீவீலுக்கும் கொடுக்க வேண்டும்.

ஆகவே: மேற்பரிசோதனைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் சம்பளம், கூடப் போகிறவருக்கும் ஒரு நாள் சம்பளம், இரண்டு பேருக்கும் போக்குவரத்து. முடிவைக் கடிதத்தில் அனுப்பாமல் தொலைபேசியில் சொல்லி, வீட்டுக்கும் போய்ச் சொல்வதற்கு ஒரு ஊழியரின் சம்பளம். இவற்றை 'இதர செலவு' என்று கடைசி வரியில் ஒளித்து எழுதாதீர்கள், முதல் பக்கத்தில் எழுதுங்கள். மடிக்கணினிக்கும் மாநாட்டுக்கும் காசு எழுதிவிட்டு பஸ் காசு எழுதாத விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அந்த ஆய்வுகளில் பாதிப் பேர் காணாமல் போனபோது 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கையில் எழுதினார்கள். பெரியம்மாவுக்கு விழிப்புணர்வு இருந்தது. போய்விட்டு வர ஒரு நாள் இல்லை.

பெண்களுக்கு வருகிற புற்றுநோய்?

சுக வனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996இலிருந்து நடக்கின்றன, 35 வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்கிறார்கள். 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி தடுப்பூசி. வசதி இருக்கிறது. கிளினிக் நடக்கிற நேரமும் மலையில் வேலை நடக்கிற நேரமும் ஒன்று என்பதுதான் இடைஞ்சல். கிளினிக்கை வேலை நேரத்துக்கு வெளியே வைத்தால் எத்தனை பேர் கூடுதலாக வருவார்கள்? மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய முன்னோடி ஆய்வு இது.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? துரையிடம் (தோட்ட மேனேஜரிடம்) கேட்டால் போதாதா?

போதவே போதாது. பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு, மாகாண சுகாதாரத் திணைக்களம், அப்புறம் தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகம். தோட்டத் தலைவர்மாரிடமும் முன்கூட்டியே பேசுங்கள், நாம் மதிப்புக் கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் இவர்கள் எல்லாரும் சேர்ந்து சரி என்று சொன்னாலும் அது அந்த அம்மாவின் சம்மதம் ஆகாது. பிரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்திக் கையெழுத்து வாங்கினால், வேண்டாம் என்று யார் சொல்வார்? வீட்டில் வைத்து, நம் பேச்சுத் தமிழில் விளக்கி, ஒரு நாள் யோசிக்க விட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னவரின் பெயர் ஆபீசுக்குப் போகவே கூடாது.

எங்கள் இரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

உங்களிடம் சொல்லாமல் அனுப்பக் கூடாது. சம்மதப் பத்திரத்தில் மாதிரி எங்கே போகிறது, எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், பிறகு என்ன செய்வார்கள் என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம். இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

போன முறையும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லையே?

இந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்துதான் பதில் சொல்வேன், ஏனென்றால் அப்படி வந்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது நான் சேர்கிற ஆய்வில் இரண்டு நிபந்தனை வைக்கிறேன். யாருக்குச் சந்தேகமான மாற்றம் தெரிந்தாலும் அவர் எந்த நாளில் எந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று ஆய்வு தொடங்குவதற்கு முன்பே அந்த வைத்தியர்களோடு பேசி முடித்திருக்க வேண்டும். முடிவுகளை அதே தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமையில், தமிழில் வந்து சொல்ல வேண்டும். அதற்கும் வரவுசெலவில் காசு இருக்க வேண்டும். நீங்களும் அடுத்த முறை படிவத்தோடு யாராவது வந்தால் கையெழுத்துக்கு முன்பே இந்த இரண்டையும் கேளுங்கள்.

என் வாயில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. ஆய்வு வரும் வரை காத்திருக்கலாமா?

வேண்டாம் அம்மா. வெள்ளையோ சிவப்போ, ஆறாத புண்ணோ, கட்டியோ, வாய் திறக்க இறுக்கமோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள். அங்கே காசு இல்லை. வலி இல்லை என்று விட்டுவிட வேண்டாம், ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிக்காது. வெற்றிலையை அன்றைக்கே நிறுத்த முடியாவிட்டாலும், போடுகிறதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். பயொப்சி எடுத்தால், முடிவு எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு, உங்கள் வீட்டில் யாராவது ஒருவருடைய கைத்தொலைபேசி இலக்கத்தைக் கோப்பில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.